உடல் என்னும் ஊர்: வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு பாடம்



சென்ற ஆண்டு ஒரு தாய் தம் கணவரின் மருத்துவ ஃபைலை எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வந்தார். டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு மனு. கூடவே ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் வந்திருந்தாள்; நமது மாலை வகுப்பு மாணவிதான். கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. “சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தா கிட்னி போயிடும்னு தெருவுல யாரோ சொல்லியிருக்காங்க பாய். நல்லாத்தானே இருக்கேன்னு அவங்களாவே நிறுத்திட்டாங்க” என்றார் அந்தத் தாய். நிறுத்திச் சில வருடங்கள் கழித்துக் கால் வீங்கியது. டாக்டரிடம் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி வேலையை நிறுத்திவிட்டிருந்தன.

மனுவை எழுதி வாங்கிக்கொண்ட பிறகு அந்த மகளிடம் படிப்பைப் பற்றி விசாரித்தோம். அந்தப் பருவத் தேர்வில் அறிவியலில் நல்ல மதிப்பெண். கழிவு நீக்க மண்டலம் பற்றிய கேள்விக்கு முழு மதிப்பெண். நெஃப்ரான் படத்தை அழகாக வரைந்து பாகங்களையெல்லாம் குறித்திருந்தாள். ஆனால் வீட்டில் வாப்பாவின் கால் வீங்கியபோது அந்தப் படத்துக்கும் இந்த வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை மேல் குற்றமில்லை. படம் வரையச் சொல்லிக் கொடுத்தோம். அது தன் வீட்டிலுள்ளவர்களின் வயிற்றுக்குள் இருப்பதென்று சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து உடல் பாடத்தை வேறு விதமாக நடத்திப் பார்க்கிறோம். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது அவர்கள் வாழும் ஊர். மண்ணடித் தெருக்கள் தெரியும், துறைமுகம் தெரியும், தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியும். அந்த ஊரை வைத்தே உடலைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஓராண்டு அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதுகிறோம். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

பழைய உவமைதான்

ஊரையும் உடலையும் ஒப்பிடுவது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கி.பி. 950-இல் டமாஸ்கஸில் மறைந்த தத்துவ மேதை அல்-ஃபாராபி, ‘அல்-மதீனத்துல் ஃபாளிலா’ என்று வழங்கப்படும் நூலில், நல்ல நகரம் ஆரோக்கியமான உடலைப் போன்றது என்று விளக்கினார். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை, அவற்றுக்கெல்லாம் இதயம் தலைமை என்பது அவர் சொன்ன அமைப்பு. நகரத்தைப் புரிய வைக்க அவர் உடலைக் காட்டினார். நாம் உடலைப் புரிய வைக்க நகரத்தைக் காட்டுகிறோம்.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்கிறோம். ஒன்று: இந்த வேலையை நம் ஊரில் யார் செய்கிறார்கள்? இரண்டு: உடலில் அதை எது செய்கிறது? மூன்று: இரண்டும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை? மூன்றாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. உவமை ஒரு கைத்தடி மாதிரி. அதைப் பிடித்து நடக்கலாம். கைத்தடியே கால் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது.

சரக்கு வரும் வழி: செரிமானம்

நமது பெரியவர்களுக்குக் கொத்தவால் சாவடி நினைவிருக்கும். 1996-இல் காய்கறி மொத்த வியாபாரம் அங்கிருந்து கோயம்பேட்டுக்குப் போனது. கோயம்பேட்டில் லாரி லாரியாக இறங்கும் மூட்டை அப்படியே யார் வீட்டுக்கும் போவதில்லை. மொத்தக் கடையில் பிரிகிறது, சில்லறைக் கடையில் மேலும் பிரிகிறது, கடைசியில் கால் கிலோவாக அடுக்களைக்கு வருகிறது.

உடலிலும் அப்படித்தான். வாயில் பல் அரைக்கிறது, உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் அமிலம் சேர்ந்து கூழாகிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில்தான் பெரும்பாலான செரிமானமும் உறிஞ்சலும் நடக்கின்றன. அதன் உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. பெருங்குடல் மீதமுள்ள தண்ணீரை எடுத்துக்கொள்கிறது.

வகுப்பில் ஒரு சோதனை: குழம்பு ஊற்றாத வெறும் சோற்றை ஒரு கவளம் வாயில் போட்டு ஒரு நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல இனிக்கும். மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதை நாக்கே சொல்லிவிடுகிறது. “சோறு சர்க்கரையாகுமா?” என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. இந்தச் சோதனையைப் பிள்ளைகள் வீட்டில் செய்து காட்டினால், “நான் சீனி தொடுறதே இல்லை, ஆனா சுகர் எப்படி ஏறுது?” என்று கேட்கும் பெரியவர்களுக்கும் விடை கிடைக்கும்.

ஒத்துப்போகாத இடம்: கோயம்பேட்டில் தக்காளி கடைசிவரை தக்காளிதான். உடலில் உணவு அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறு துகள்களாக உடைந்து, பிறகு நம் தசையாகவும் ரத்தமாகவும் புதிதாகக் கட்டப்படுகிறது.

கஸ்டம்ஸ் ஆபீஸ்: கல்லீரல்

துறைமுகத்தில் இறங்கும் சரக்கு நேராக ஊருக்குள் வர முடியாது. ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் அலுவலகம் இருப்பதை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அதுபோல, குடல் உறிஞ்சிய சத்துகளைச் சுமந்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. ஒரு தனி ரத்தக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பு வந்த சரக்கைச் சோதிக்கிறது, நஞ்சை முறிக்கிறது, மிகுதியான சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் கிடங்கில் வைக்கிறது.

நோன்புக் காலத்தில் இதைச் சொல்லிக் கொடுப்பது மிக எளிது. ஸஹரில் சாப்பிட்டது சில மணி நேரத்தில் செரித்துவிடுகிறது. பிறகும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, படிக்கிறது. எங்கிருந்து சக்தி? கல்லீரல் தன் கிடங்கைத் திறந்து சர்க்கரையை ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. கூடவே கொழுப்பும் எரிபொருளாகிறது.

ஒத்துப்போகாத இடம்: கஸ்டம்ஸில் சோதனைதான் நடக்கும், உற்பத்தி நடக்காது. கல்லீரல் ஒரு பெரிய தொழிற்சாலையும்கூட. பித்தநீரையும், ரத்தம் உறையத் தேவையான பல புரதங்களையும் அதுவே தயாரிக்கிறது. மருந்துகளில் பெரும்பாலானவை அதன் கைக்குத்தான் போகின்றன. ஆகவே பெயர் தெரியாத பொடியையும் சூரணத்தையும் பிறர் பேச்சைக் கேட்டுச் சாப்பிடும்போது முதலில் அடிபடுவது கஸ்டம்ஸ்காரர்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சாலைகளும் வண்டிகளும்: இதயமும் ரத்தமும்

ராஜாஜி சாலை அகலமானது. கன்டெய்னர் லாரியே போகும். தம்புச் செட்டித் தெரு அதைவிடக் குறுகல். அதற்குள்ளிருக்கும் சந்துக்குள் மீன்பாடி வண்டி மட்டும்தான் நுழையும். அதுவும் ஒன்றன் பின் ஒன்றாக. ரத்தக் குழாய்களும் இப்படித்தான். பெரிய தமனி, சிறிய தமனி, கடைசியில் தந்துகி. தந்துகியில் ரத்தச் சிவப்பணுக்கள் வரிசையாக, ஒன்றை ஒன்று முந்த முடியாமல் நெளிந்து போகின்றன. சரக்கு கைமாறுவது அந்தச் சந்தில்தான். வீடுகள் இருப்பது அங்கேதானே.

இந்த ஓட்டத்துக்கு உந்துவிசை இதயம். நம் கைமுட்டி அளவு. நிமிடத்துக்குச் சுமார் 70 முறை, நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 7,200 லிட்டர். தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணீர் லாரியைவிட அதிகம். ஆனால் உடலில் இருப்பதே 5 லிட்டர்தான். அதே ரத்தம் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது.

இதயம் ஒரு பம்பு அல்ல, ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து திரும்பி வருவதை இடப்பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அதன் வழியாக ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் காலென் சொன்னதைப் பல நூறு ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்தச் சுவரில் துளை கிடையாது, ரத்தம் நுரையீரலைச் சுற்றித்தான் வருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதியவர் இப்னு நஃபீஸ். டமாஸ்கஸில் கற்று, கெய்ரோவில் மருத்துவம் பார்த்து, 1288-இல் மறைந்தவர். உடல் முழுவதும் ரத்தம் சுற்றி வருவதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் விளக்கினார். பெரியவர்கள் சொன்னதையும் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவைப் பிள்ளைகள் இந்த வரலாற்றில் கற்கட்டும்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் கரன்ட் வேண்டும். அதுபோல இதயத் தசைக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதற்கென்றே மேலே ஓடும் தமனிகள் உண்டு. அதில் அடைப்பு வந்தால் மாரடைப்பு. நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சு முட்டல் இவற்றைக் கண்டால் “கேஸ்தான்” என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இந்த ஒரு வரி எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகட்டும்.

ஒத்துப்போகாத இடம்: சாலையைப் படத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் வரைகிறோம். உடனே பிள்ளைகள் சிரையில் நீல ரத்தம் ஓடுவதாக எழுதிவிடுகிறார்கள். ரத்தம் எங்கும் சிவப்புதான். ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான்.

காற்றும் அடுப்பும்: நுரையீரலும் செல்லும்

“ஊருக்கு மின் நிலையம் இருப்பதுபோல் உடலுக்கு மின் நிலையம் எது?” என்று கேட்டோம். இதயம் என்று சிலர், வயிறு என்று சிலர். இரண்டும் இல்லை. உடலில் ஒரே இடத்தில் சக்தி தயாராகி எல்லோருக்கும் கம்பியில் வருவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி அடுப்பு. செல்தான் வீடு. மைட்டோகாண்ட்ரியா என்பதுதான் அடுப்பு. சர்க்கரை எரிபொருள். எரிக்க ஆக்சிஜன் வேண்டும். எரிந்த பிறகு வரும் புகைதான் கார்பன் டை ஆக்சைடு.

இந்த ஆக்சிஜன் ஏறுமிடமும் புகை இறங்குமிடமும் நுரையீரல். அதில் காற்று நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேல். அவற்றையெல்லாம் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை வீட்டின் அளவு. இத்தனையும் மார்புக் கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, ஸுப்ஹானல்லாஹ்.

பிள்ளைகள் வியந்து கேட்ட செய்தி ஒன்று. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. தான் சுமந்து போகும் ஆக்சிஜனை அது தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. அமானிதப் பொருளைச் சுமப்பவரைப் போல, உரியவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சுமார் 120 நாள் இப்படி ஓடிவிட்டு ஓய்ந்துபோகிறது.

கதவு திறக்காத வீடு: சர்க்கரை நோய்

மேலே சொன்னதெல்லாம் புரிந்தால் சர்க்கரை நோய் புரிந்துவிடும். சர்க்கரை ஏற்றிய வண்டிகள் தெருவில் நிற்கின்றன. தசை, கொழுப்பு போன்ற பல வீடுகளின் கதவு திறக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் கணையம் சுரக்கும் இன்சுலின். சிலருக்கு, பெரும்பாலும் சிறு வயதிலேயே, சாவி தயாராவது நின்றுவிடுகிறது. அவர்களுக்கு இன்சுலின் ஊசி கட்டாயம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் பூட்டு துருப்பிடிக்கிறது, போகப் போகச் சாவியும் பற்றாமல் போகிறது. விளைவு ஒன்றுதான். வீட்டுக்குள் பட்டினி, தெருவில் சரக்கு நெரிசல். நன்றாகச் சாப்பிட்டும் சோர்வு ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

தெருவில் நெரிசல் வருடக்கணக்கில் நீடித்தால் சுவர்கள் பாழாகும். முதலில் கெடுவது மிகச் சிறிய சந்துகள். அவை அதிகமாக உள்ள இடங்கள் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும். பாதத்தின் நரம்புகளும் கெடுகின்றன.

இங்கே அந்தத் தாய் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுத்தது மாத்திரையல்ல, கட்டுப்படாத சர்க்கரை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய பிறகு சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார், சிலவற்றை மாற்றுவார். மருந்தை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துடையது என்பதால் அப்படிச் செய்கிறார். அதைப் பார்த்தவர்கள், “மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது, அதனால்தான் டாக்டரே நிறுத்தினார்” என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பேச்சு தெருவில் பரவுகிறது. மாத்திரையில் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய இடம் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைப்பவர்: சிறுநீரகம்

முதலில் நாங்கள் சிறுநீரகத்தை ஊரின் குப்பைத் தொட்டி என்றுதான் சொன்னோம். அது தவறு. குப்பைத் தொட்டி சேர்த்து வைக்கும், பிரித்துப் பார்க்காது. சிறுநீரகம் செய்வது அதற்கு நேர்மாறு.

பெருநாளைக்கு வீடு சுத்தம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாமான்களையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோகிறோம். வேண்டாதது வாசலிலேயே நின்றுவிடும். சிறுநீரகமும் அப்படியே. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் திரும்ப உள்ளே சேர்க்கின்றன. ஒன்றரை லிட்டர் அளவு மட்டும் சிறுநீராகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த வேலைக்கு இது நெருக்கமானது.

2019 கோடையை மூத்த பிள்ளைகள் மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வீட்டில் உம்மா குடத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தார். உடலில் தண்ணீர் குறைந்தாலும் இப்படித்தான். மூளை ஒரு ஹார்மோனை அனுப்பி, “சிக்கனம் செய்” என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகிறது. தாகத்தோடு இந்த நிறமும் ஓர் எச்சரிக்கை.

பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பெண் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை, சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் கல் உண்டாவதற்கும் இது வழி செய்கிறது. வகுப்பில் இதைப் பேசும்போது பெண் ஆசிரியர் தனியாகப் பேசுவது நல்லது.

ஒத்துப்போகாத இடம்: ஊரின் சுத்திகரிப்பு நிலையம் பழுதானால் நாற்றம் உடனே தெரியும். சிறுநீரகம் பெரும்பகுதி கெடும்வரை வெளியே எதையும் காட்டாது. வலிக்கவும் வலிக்காது. அதனால்தான் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நன்றாக இருக்கும்போதே, வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் புரதத்தையும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சாதாரணப் பரிசோதனைகள். டயாலிசிஸ் வந்துவிட்டால் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற மனிதருக்கு அது என்ன செய்யும் என்பதை நமது மனுக்களில் பார்க்கிறோம்.

போனும் ஒலிபெருக்கியும்: நரம்பும் ஹார்மோனும்

ஊரில் செய்தி இரண்டு வழியில் போகிறது. ஒருவரை மட்டும் அழைக்க வேண்டுமானால் போன். எல்லோருக்கும் சொல்ல வேண்டுமானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. ஜனாஸா அறிவிப்பு எல்லா வீட்டுக்கும் கேட்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் எழுந்து போகிறார்கள். நரம்பு, போன். ஹார்மோன், ஒலிபெருக்கி. ஹார்மோன் ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகும். அதற்குரிய ஏற்பி உள்ள செல் மட்டும் செவிகொடுக்கும்.

நரம்புச் செய்தியில் வேகமானவை விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். அப்படியும் சூடான தோசைக்கல்லில் கை பட்டால் மூளையின் உத்தரவுக்காகக் கை காத்திருப்பதில்லை. தண்டுவடமே, தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் நடவடிக்கை எடுக்கும் வார்டு அலுவலகம் போல, கையை இழுத்துவிடுகிறது. சூடு பட்டது என்று மூளைக்குச் செய்தி பிறகு வருகிறது. இதுவே அனிச்சைச் செயல்.

மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. அதனால் ரத்தம் தடைப்பட்டால் நிமிடக் கணக்கில் பாதிக்கப்படுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுதல், இந்த மூன்றில் ஒன்று திடீரென வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே, “தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று விடாதீர்கள்.

காவலும் தூண்களும்

தோல் ஊரின் மதில். வெள்ளணுக்கள் போலீஸ். தடுப்பூசி என்பது திருடனின் புகைப்படத்தை முன்கூட்டியே ஸ்டேஷனில் மாட்டி வைப்பது. திருடனையே உள்ளே விடுவதல்ல. ஒத்துப்போகாத இடமும் உண்டு: சில நோய்களில் இந்தப் போலீஸ் ஆள் தெரியாமல் சொந்த ஊர்க்காரரையே அடிக்கும். சில மூட்டு நோய்களில் நடப்பது அதுதான்.

எலும்புகள் தூண்கள். பெரியவர்களுக்கு 206. கட்டடத் தூண் உயிரற்றது. எலும்போ வளரும், உடைந்தால் கூடும். அதற்குள்ளிருக்கும் மஜ்ஜையில்தான் விநாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் பிறக்கின்றன. தூணுக்குள்ளேயே வண்டி செய்யும் பட்டறை இருக்கும் ஊரை எங்கும் பார்க்க முடியாது.

நாங்கள் செய்த ஒரு தவறு

இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில், ஊரை அசுத்தம் செய்கிறவர்களால்தான் நோய் வருகிறது என்ற தோரணையில் பாடம் நடத்தினோம். பாடம் முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, “அப்ப எங்க வாப்பா அவங்க ஊரை அசிங்கம் பண்ணிட்டாங்களா சார்?” என்று கேட்டான். அவன் வாப்பா புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர். எங்களுக்குப் பதில் வரவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் வீடிழந்தவர்கள் எல்லோரும் தவறு செய்தவர்களா? இல்லை. மழை பெய்தது, ஆறு கரை மீறியது, அவர்கள் வீடு அங்கே இருந்தது. நோயும் பல சமயம் அப்படித்தான் வருகிறது. பரம்பரை உண்டு, வயது உண்டு, காரணமே தெரியாததும் உண்டு. அடுத்த வகுப்பில் அந்தச் சிறுவனிடம் எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொன்னோம், தவறாகப் பேசியதற்கு வருத்தமும் தெரிவித்தோம். ஆசிரியர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டுகிறோம். வகுப்பில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டில் நோயாளி இருக்கிறார். குற்றம் சொல்லாமல் காரணம் சொல்லப் பழக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோக ஐந்து கேள்விகள்

ஒவ்வொரு பிள்ளையும் இவற்றை நோட்டில் எழுதி, வீட்டில் கேட்டு, விடையை எழுதி வர வேண்டும். மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.

1. நம் வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் யார்? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?
2. டாக்டர் எழுதிய மாத்திரையை யாராவது தாமாக நிறுத்தியிருக்கிறார்களா? ஏன்?
3. சிறுநீரில் அல்புமின் சோதனை செய்தது உண்டா?
4. நான் பள்ளியில் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன்?
5. அவசரத்துக்கு எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

கூடவே, சார்ட் தாளில் நம் மஹல்லாவின் வரைபடத்தை வரைந்து, அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து உடலை வரையச் சொல்லுங்கள். ஒத்துப்போகாத இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடட்டும். எந்தப் பிள்ளை அதிக வட்டம் போடுகிறதோ அதற்குத்தான் பாடம் நன்றாகப் புரிந்திருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவியின் வாப்பா இன்றும் டயாலிசிஸில்தான் இருக்கிறார். போன சிறுநீரகம் திரும்பாது. ஆனால் மூன்றாவது கேள்வியை வீட்டில் கேட்ட அன்று, உம்மாவுக்கு இதுவரை எந்தச் சோதனையும் செய்ததில்லை என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது. அவளே அழைத்துப் போனாள். உம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது; சிறுநீரகம் நன்றாக இருந்தது. இப்போது மாத்திரை தொடர்கிறது. மாத்திரை டப்பாவில் நாள் எழுதி வைப்பது மகளின் வேலை.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நடக்கும் நமது மாலை வகுப்பில் இப்பாடம் மீண்டும் தொடங்குகிறது. மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை படித்த சகோதர சகோதரிகள் வாரம் ஒரு மணி நேரம் தந்தால் பேருதவியாக இருக்கும். பிள்ளைகள் வீட்டில் மேற்கண்ட கேள்விகளைக் கேட்கும்போது, “உனக்கெதுக்கு இதெல்லாம்?” என்று பெரியவர்கள் அதட்டாமல் பதில் சொல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்